‘மிஸ் ஹாமில்டன்’ என்று கூப்பிடுங்கள்: கறுப்பின மக்களும் அவர்கள் மேல் விழுந்த சொற்களும்

சென்ற மாதம் ஒரு கல்லூரி விடுதியில் வாசகர் வட்டக் கூட்டம் முடிந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். முதலாண்டு மாணவர் ஒருவர் கேட்டார்: “தோழர், அமெரிக்காவில் வெள்ளைக்காரன் திட்டிய வார்த்தையையே எடுத்து, கறுப்பர்கள் தங்களுக்குள் மச்சான் என்பதுபோலக் கூப்பிட்டுக்கொள்கிறார்கள். ராப் பாட்டு முழுக்க அதுதான். நாமும் நம்மைத் திட்டும் சாதிப் பெயரை எடுத்து நெஞ்சை நிமிர்த்திச் சொன்னால் என்ன?”

அன்று அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். மிச்சம் இது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ‘என்’ எழுத்தில் தொடங்கும் அந்த ஆங்கிலச் சொல்லை நான் இங்கே எழுதப்போவதில்லை. எதைச் சொல்கிறேன் என்று உங்களுக்கே தெரியும். அவர்கள் வீட்டுக்குள் அதை வைத்துச் சண்டை போடுகிறார்கள், கொஞ்சுகிறார்கள், புதைக்கவும் செய்கிறார்கள். அதை எடுத்துப் புழங்கும் உரிமை நமக்குக் கிடையாது. விடுதி அறையில் பாட்டோடு சேர்ந்து அதைக் கத்தும் தம்பிகள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

1963 ஜூன். அலபாமா மாநிலத்தின் கேட்ஸ்டன் நகர நீதிமன்றம். உரிமைப் போராட்டத்தில் கைதானவர்கள் தொடர்பான விசாரணை. சாட்சிக் கூண்டில் மேரி ஹாமில்டன். இன சமத்துவத்துக்கான காங்கிரஸ் என்ற அமைப்பின் களப்பணியாளர். வயது முப்பதைத் தொடவில்லை. அரசு வழக்கறிஞர் “மேரி” என்று அழைத்துக் கேள்வி கேட்கிறார். அவர் பதில் சொல்ல மறுக்கிறார். தன்னை மிஸ் ஹாமில்டன் என்று முறையாக அழைத்தால்தான் பதில் வரும் என்கிறார். நீதிபதி பதில் சொல்லும்படி உத்தரவிடுகிறார். அப்போதும் மறுக்கிறார். நீதிமன்ற அவமதிப்புக்காக 5 நாள் சிறை, 50 டாலர் அபராதம். சிறைக்குப் போனார், அபராதம் கட்ட மாட்டேன் என்றார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1964 மார்ச்சில் தண்டனை ரத்தானது.

இதில் அப்படி என்ன இருக்கிறது என்று நம்மில் யாரும் கேட்க மாட்டோம். தெற்கு மாநிலங்களின் நீதிமன்றங்களில் வெள்ளைச் சாட்சிகள் மிஸ்டர், மிசஸ், மிஸ். கறுப்பர்களுக்கு வெறும் பெயர். தெருவில் அதுவும் கிடையாது. எத்தனை வயதானாலும் ஆண் ‘பாய்’. தலை நரைத்துவிட்டால் ‘அங்கிள்’, ‘ஆன்ட்டி’. அது உறவு முறை என்று ஏமாந்துவிடாதீர்கள். ‘மிஸ்டர்’ என்ற சொல்லை வாயிலிருந்து வரவிடாமல் தடுப்பதற்காகக் கண்டுபிடித்த தந்திரம். பேரன் வயதுப் பையன் நம் தாத்தாவை ‘வாடா’ என்றதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டுமா?

ரயிலிலும் இதே கதை. புல்மன் கம்பெனியின் படுக்கை வசதிப் பெட்டிகளில் பயணிகளுக்குப் பணிவிடை செய்தவர்கள் கறுப்பின ஆண்கள். அவர்களை வெள்ளைப் பயணிகள் அழைத்த பெயர் ‘ஜார்ஜ்’. எல்லோரும் ஜார்ஜ்தான். முதலாளியின் பெயர் ஜார்ஜ் புல்மன். அடிமைக்கு எஜமானன் பெயரை ஒட்டும் பழைய பழக்கம், அடிமை முறை ஒழிந்த பிறகும் ரயிலேறி வந்தது. 1925இல் ஏ. பிலிப் ராண்டால்ஃப் தலைமையில் இவர்கள் சங்கம் அமைத்தார்கள். கம்பெனி கையெழுத்துப் போட 1937 வரை ஆனது. சம்பளம், வேலை நேரம் ஆகியவற்றோடு தன் சொந்தப் பெயரில் அழைக்கப்படுவதும் அந்தப் போராட்டத்தின் பகுதியாக இருந்தது.

வெளியிலிருந்து வரும் சொல்லை எதிர்ப்பதில் சிக்கல் அதிகம் இல்லை. எதிரி யார் என்று தெரியும். தங்களுக்குள் தங்களை என்னவென்று அழைத்துக்கொள்வது என்று வரும்போதுதான் சண்டை தொடங்குகிறது.

1928இல் ‘தி கிரைசிஸ்’ இதழுக்கு ரோலண்ட் பார்ட்டன் என்ற பள்ளி மாணவன் ஒரு கடிதம் எழுதினான். ‘நீக்ரோ’ என்பது நம்மைத் தாழ்வாக உணரச் செய்ய வெள்ளையன் வைத்த பெயர், நம் இதழே அதை ஏன் பயன்படுத்துகிறது என்பது அவன் கேள்வி. ஆசிரியர் டபிள்யூ. ஈ. பி. டுபாய்ஸ் நீண்ட பதில் எழுதினார். பெயரை மாற்றினால் வெறுப்பு மாறிவிடாது, வேறு பெயர் வைத்தாலும் அதன் மேலும் இதே சேறு வந்து விழும், மாற்ற வேண்டியது நிலைமையை என்பது அதன் சாரம்.

பெரியவர் சொன்னதில் உண்மை உண்டு. ஆனாலும் நான் அந்த மாணவன் பக்கம். ஏனென்றால் டுபாய்ஸே சொல்லுக்காக ஆண்டுக்கணக்கில் போராடியவர்தான். ஆங்கிலத்தில் ஊர்ப் பெயர், இனப் பெயர் எல்லாம் பெரிய எழுத்தில் தொடங்கும். ‘நீக்ரோ’ மட்டும் பெரும்பாலான பத்திரிகைகளில் சிறிய எழுத்தில் வந்தது, ஏதோ ஆடு மாடு என்பதுபோல. 1899இல் வந்த பிலடெல்பியா பற்றிய தன் ஆய்வு நூலிலேயே, எண்பது லட்சம் அமெரிக்கர்களுக்கு ஒரு பெரிய எழுத்துக்கு உரிமை உண்டு என்று அடிக்குறிப்புப் போட்டு எழுதியவர் டுபாய்ஸ். நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை பெரிய எழுத்துக்கு மாறியது 1930 மார்ச்சில். ‘பிளாக்’ என்ற சொல்லுக்கு அதே மரியாதையை அசோசியேட்டட் பிரஸ் கொடுக்க 2020 ஜூன் ஆனது, ஜார்ஜ் ஃபிளாய்டு கொல்லப்பட்ட பிறகு. நம் எழுத்தில் பெரியது சிறியது கிடையாது. ஆனால் ‘அவர்’, ‘அவன்’ இருக்கிறது. செய்தித்தாளைத் திறந்தால் யாருக்கு ‘ர்’, யாருக்கு ‘ன்’ என்று பார்த்துக்கொள்ளலாம்.

இப்போது மாணவர் கேட்ட சொல்லுக்கு வருகிறேன்.

கறுப்பின மக்களின் ஆங்கிலத்தில் இறுதி ‘ர்’ ஒலி தேய்ந்து அகரமாக முடிவது இயல்பு. அப்படித் தேய்ந்த வடிவம் நண்பனைக் குறிக்கிறது, ‘ர்’ அழுத்தமாக விழுந்தால் வசை என்று அந்தச் சொல்லைப் புழங்கும் இளைஞர்கள் சொல்கிறார்கள். நகைச்சுவைக் கலைஞர் டிக் கிரிகோரி 1964இல் தன் வரலாற்றுக்கு அந்தச் சொல்லையே தலைப்பாக வைத்தார். இறந்துபோன தாய்க்கு எழுதிய சமர்ப்பணத்தில், இனி அந்தச் சொல் காதில் விழுந்தால் என் புத்தகத்துக்கு விளம்பரம் செய்கிறார்கள் என்று நினைத்துக்கொள் அம்மா என்ற பொருளில் எழுதினார். திட்டியவனின் ஆயுதத்தைப் பிடுங்கிக்கொள்வது என்றால் இதுதான். ரிச்சர்ட் பிரையர் மேடைகளில் அந்தச் சொல்லைத் தெறிக்கவிட்டார். தலைப்பிலேயே அது இருந்த அவரது 1974ஆம் ஆண்டு இசைத்தட்டுக்குக் கிராமி விருதும் கிடைத்தது. 1979இல் அவர் கென்யா போனார். நைரோபியில் ஒரு விடுதியில் உட்கார்ந்து சுற்றிப் பார்க்கிறார். எல்லா வேலையிலும் எல்லா இடத்திலும் கறுப்பர்கள். அந்தச் சொல் குறிக்கும் ஆள் இங்கே ஒருவர்கூட இல்லையே என்று அவருக்குத் தோன்றுகிறது. வந்து இத்தனை நாளில் அந்தச் சொல்லைத் தான் ஒரு முறைகூடச் சொல்லவில்லை என்பதும் உறைக்கிறது. இனிச் சொல்வதில்லை என்று முடிவெடுத்தார். 1982இல் வந்த படத்தில் இதை மேடையிலேயே சொன்னார்.

ஆனால் அதற்குள் ராப் வந்துவிட்டது. 1988இல் காம்ப்டனிலிருந்து வந்த இளைஞர்கள் குழுவின் பெயரிலேயே அந்தச் சொல் முதலெழுத்தாக நின்றது. மூத்த தலைமுறை கொதித்தது. நிறமுள்ள மக்களின் முன்னேற்றத்துக்கான தேசிய சங்கம் 2007 ஜூலை 9 அன்று டெட்ராய்ட் நகரில் அந்தச் சொல்லுக்குச் சவ ஊர்வலம் நடத்தியது. பைன் மரப் பெட்டி, இழுத்துப்போக இரண்டு குதிரைகள், தெருவெங்கும் கூட்டம். 1944இல் இதே நகரில் நிறவெறிச் சட்டங்களுக்கு இப்படி ஒரு சவ அடக்கம் நடத்தியவர்கள் அவர்கள். (‘நிறமுள்ள மக்கள்’ என்ற பழைய சொல்லைத் தன் பெயரிலிருந்து அந்தச் சங்கம் இன்றுவரை எடுக்கவில்லை என்பதையும் பாருங்கள்.) அதே ஆண்டிலேயே ராப் கலைஞர் நாஸ், புதைத்த சொல்லையே தன் புதிய தொகுப்புக்குத் தலைப்பாக அறிவித்தார். எதிர்ப்புக்குப் பிறகு தலைப்பே இல்லாமல் அது வெளிவந்தது.

இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. இன்னும் ஐம்பது ஆண்டுகளுக்கு அவர்கள் இதைப் பேசிக்கொண்டிருக்கலாம், பேசட்டும். என்னை உறுத்துவது வேறொரு சொற்கூட்டம். அதற்கு யாரும் சவப்பெட்டி செய்யவில்லை.

‘ஹை யெல்லோ’, ‘ரெட்போன்’, ‘குட் ஹேர்’. இவை கறுப்பின மக்கள் கறுப்பின மக்களுக்கு வைத்த சொற்கள். முதல் இரண்டும் வெளிர்நிறத்தவரைக் குறிப்பவை. மூன்றாவது, வெள்ளையர் முடிபோல் சுருளாத முடி. அப்படியானால் மற்ற முடி கெட்ட முடி. இதன் வேர் பண்ணையில் இருக்கிறது. முதலாளிகள் அடிமைப் பெண்கள் மீது நிகழ்த்திய வன்புணர்வில் பிறந்த பிள்ளைகளில் சிலருக்கு வீட்டு வேலை, கைத்தொழில், அரிதாக விடுதலை கிடைத்தது. அந்தச் சிறு சலுகை தலைமுறைகள் கடந்து ஒரு மேல்தட்டாக உறைந்தது. பழுப்புக் காகிதப் பையை முகத்தருகே பிடித்து, அதைவிட இருண்டவர்களை மன்றங்களுக்குள் விடாத கதைகள் வாஷிங்டனிலும் நியூ ஆர்லியன்ஸிலும் குடும்பங்கள்தோறும் சொல்லப்படுகின்றன. வாலஸ் தர்மன் 1929இல் எழுதிய ‘தி பிளாக்கர் தி பெர்ரி’ நாவலின் நாயகி எம்மா லூ, கருத்த பெண். அவளை முதலில் காயப்படுத்துவது அவள் சொந்தக் குடும்பம்தான். ஹார்லெம் வந்தால் அங்கேயும் அதே பார்வை.

‘பிளாக்’ என்று ஒரு கறுப்பரை இன்னொரு கறுப்பர் அழைத்தால் அடிதடியில் முடிந்த காலம் அது. நம்மைப் போன்றவர்கள் இன்று பெருமையோடு சொல்லும் அதே சொல்.

உளவியலாளர்கள் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் தம்பதியர் 1940களில் செய்த பொம்மை ஆய்வு உங்களுக்குத் தெரிந்திருக்கும். நிறம் தவிர எல்லாம் ஒன்றாக இருந்த பொம்மைகளில் பெரும்பாலான கறுப்பினக் குழந்தைகள் வெள்ளைப் பொம்மையையே நல்லது என்றன. பள்ளிகளில் நிறப் பிரிவினையை ஒழித்த 1954ஆம் ஆண்டுத் தீர்ப்பின் அடிக்குறிப்பில் கிளார்க்கின் பெயர் இருக்கிறது. அந்த ஆய்வில் கிளார்க் பிற்காலத்தில் நினைவுகூர்ந்த ஒரு சம்பவம் என்னை விட்டுப் போவதில்லை. ஆர்கன்சா கிராமப்புறத்தில் ஒரு சிறுவனிடம், இதில் எந்தப் பொம்மை உன்னைப் போல் இருக்கிறது என்று கேட்கிறார்கள். அவன் பழுப்புப் பொம்மையைக் காட்டிச் சிரிக்கிறான். அந்தச் சொல்லைச் சொல்லி, இது அதுதான், நானும் அதுதான் என்கிறான். வடக்கே மாசசூசெட்ஸில் இதே கேள்விக்கு அழுதுகொண்டு ஓடிய குழந்தைகளைவிட, சிரித்த இந்தப் பையன்தான் கிளார்க்கை அதிகம் கலங்கடித்தான்.

இந்தச் சொற்களை உடைத்த வேலை தெருவில் நடந்தது. 1962 ஜனவரி 28 அன்று ஹார்லெமில் க்வாமே ப்ராத்வெயிட், அவர் அண்ணன் எலோம்பே ப்ராத் குழுவினர் ஓர் அழகுக் காட்சி நடத்தினார்கள். மேடையேறியவர்கள் கருத்த நிறமும் நேராக்காத முடியுமாக வந்த பெண்கள். கிராண்டாசா மாடல்கள் என்று அவர்களுக்குப் பெயர். வேடிக்கை பார்க்க வந்தவர்களும் உண்டு. நான்கு ஆண்டுகள் கழித்து, 1966 ஜூன் 16 அன்று மிசிசிப்பியின் கிரீன்வுட்டில் சிறையிலிருந்து வெளிவந்த ஸ்டோக்லி கார்மைக்கேல் கூட்டத்தைப் பார்த்து, நமக்கு என்ன வேண்டும் என்று கேட்டபோது, “பிளாக் பவர்” என்று கூட்டம் திருப்பிக் கத்தியது. அடிவாங்க வைத்த சொல் சில ஆண்டுகளில் கொடியானது.

அதோடு முடிந்ததா என்றால் இல்லை. ஜமைக்காவில் வெளிர்நிறப் பெண்ணுக்கு ‘பிரவுனிங்’ என்று தெருச்சொல் உண்டு. 1992இல் பாடகர் புஜு பாண்டன் தனக்குப் பிடித்தது பிரவுனிங்தான் என்ற பொருளில் பாடினார். பாட்டு பெரிய வெற்றி. கருத்த பெண்கள் சும்மா இருக்கவில்லை. அந்தக் கண்டனத்துக்குப் பிறகு கருத்த பெண்ணைப் புகழ்ந்து அவர் இன்னொரு பாட்டுப் போட வேண்டி வந்தது. கறுப்பர்களே பெரும்பான்மையாக உள்ள, கறுப்பர்களே ஆளும் ஒரு நாட்டில் நடந்தது இது.

இந்த வரலாற்றோடு நமக்குப் பழைய உறவு இருக்கிறது. 1873இல் ஜோதிராவ் புலே ‘குலாம்கிரி’யை அடிமை முறையை ஒழித்த அமெரிக்கர்களுக்குச் சமர்ப்பித்தார். 1946இல் அண்ணல் அம்பேத்கர் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். 1972இல் பம்பாயில் தலித் பேந்தர்கள் பெயரையே அங்கிருந்து எடுத்தார்கள். சொல்லைக் கைப்பற்றுவதில் மட்டும் நாம் அவர்களிடம் கற்க வேண்டியதில்லை. டிக் கிரிகோரிக்கு எழுபது ஆண்டுகளுக்கு முன், 1893இல், இரட்டைமலை சீனிவாசன் தன் பத்திரிகைக்கு ‘பறையன்’ என்று பெயர் வைத்துவிட்டார். அயோத்திதாசப் பண்டிதர் அந்தப் பெயரே எதிரி சுமத்தியது என்று மறுத்தார். அந்த மாணவர் கேட்ட கேள்வியை நம் தாத்தாக்கள் நூறாண்டுக்கு முன்பே காரசாரமாகப் பேசிவிட்டார்கள். 1922இல் அரசு ஆவணங்களில் ‘ஆதி திராவிடர்’ வந்தது அந்த விவாதங்களின் நீட்சிதான்.

ஆகவே தம்பி, சாதிப் பெயரை நெஞ்சை நிமிர்த்திச் சொல்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. நானும் சொல்லியிருக்கிறேன். ஆனால் நமக்கும் ஒரு ‘ஹை யெல்லோ’ அகராதி இருக்கிறது. பறையர், பள்ளர், அருந்ததியர், புதிரை வண்ணார் என்று நாம் பிரிந்து கிடக்கும் இடத்தில், ஒருவர் வீட்டுக்குள் மற்றவரைப் பற்றிப் புழங்கும் சொற்கள். அழுக்குச் சட்டையோடு வந்த பிள்ளையை ஒரு சாதியின் பெயரைச் சொல்லித் திட்டுவதை என் வீட்டிலேயே கேட்டு வளர்ந்தவன் நான். அந்தச் சாதி எங்களுக்கு மேலே இருந்ததல்ல. அந்தச் சொல்லை வெள்ளைக்காரனோ ஆதிக்க சாதிக்காரனோ வந்து என் வீட்டுக்குள் சொல்லவில்லை.

இதைத் தொலைபேசியில் சொன்னபோது அந்த மாணவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “எங்க விடுதியிலயும் அது இருக்கு தோழர்” என்றார். அடுத்த கூட்டத்தில் அதையே பேசுவோம் என்று முடிவாகியிருக்கிறது. தேதி தெரிந்ததும் இங்கே போடுகிறேன்.