எண்ணிக்கை ஏறும் மரபணு: ஹன்டிங்டன் நோய் ஏன் காத்திருக்கிறது?

கருவிலேயே உடம்பில் அமைந்துவிட்ட ஒரு பிழை, நாற்பது ஆண்டுகள் வரை ஏன் வெளியே தெரிவதில்லை? ஹன்டிங்டன் நோயை ஆராய்ந்தவர்களை நெடுங்காலம் அலைக்கழித்த கேள்வி இது. கைகால்கள் தாமாக ஆடும், பேச்சு குழறும், சுபாவமே மாறிப்போகும், பதினைந்து, இருபது ஆண்டுகளில் உயிர் போகும். பெற்றோரில் ஒருவருக்கு நோய் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. பெரும்பாலோர்க்கு 30 முதல் 50 வயதுக்குள் அறிகுறி தோன்றும். அதற்குள் அவர்களும் பிள்ளை பெற்றிருப்பார்கள்.

நோய்க்குரிய மரபணு 1993இல் கண்டறியப்பட்டது. அதையே இத்துறையின் உச்சமாகச் சொல்வது வழக்கம். அக்கண்டுபிடிப்பு காட்டியது காரணத்தை மட்டுமே என்பது என் வாதம். நோய் நடக்கும் விதத்தை விளக்கியவை, பிற மரபணுக்களைத் தேடிய பிந்தைய ஆய்வுகளே.

வெனிசுவேலாவின் மரக்காய்போ ஏரிக்கரை ஊர்களில் இந்நோய் தலைமுறை தலைமுறையாகத் தொடர்வதை 1950களில் மருத்துவர் அமெரிக்கோ நெக்ரெத்தே கண்டறிந்தார். தாயை இதே நோய்க்குப் பறிகொடுத்த நான்சி வெக்ஸ்லர், 1980களில் ஆண்டுதோறும் குழுவோடு அங்கே சென்று, வீடு வீடாக வம்சாவளி எழுதி இரத்தம் சேகரித்தார். அதன் துணையோடு ஜேம்ஸ் கஸெல்லாவின் குழு 1983இல் நோயின் இருப்பிடம் 4ஆம் குரோமோசோம் என்று காட்டியது. பத்தாண்டில் மரபணுவே கிடைத்தது. அதில் சி.ஏ.ஜி. என்ற மூன்றெழுத்துச் சொல் அடுக்கி வருகிறது. 35 தடவை வரை வந்தால் நோயில்லை. 40ஐ எட்டினால், முதுமை வரை வாழ்பவருக்கு நோய் ஏறத்தாழ உறுதி. ஒவ்வொரு சி.ஏ.ஜி.யும், இம்மரபணு உருவாக்கும் ஹன்டிங்டின் புரதத்தில் குளுட்டமைன் என்ற அமினோ அமிலம் ஒன்றைச் சேர்க்கிறது. ஆகவே குளுட்டமைன் மிகுந்த புரதமே நஞ்சு என்ற முடிவுக்குப் பலரும் வந்தனர்.

ஆனால் ஒரே எண்ணிக்கை கொண்ட இருவருக்கு நோய் தொடங்கும் வயது பல ஆண்டுகள் வேறுபடுவதுண்டு. 10 தலைமுறைகளில் 18,149 பேரைத் தொகுத்த வெனிசுவேலா ஆய்வு 2004இல் வெளிவந்தது. எண்ணிக்கையால் விளங்காத வேறுபாட்டில் சுமார் 40 விழுக்காட்டுக்குப் பிற மரபணுக்கள் பொறுப்பு என்று அது கணித்தது. அவை எவை என்பது 2015 முதல் தெரியவந்தது: எஃப்.ஏ.என்.1, எம்.எல்.எச்.1, எம்.எஸ்.எச்.3. புரதத்தைக் கையாளும் மரபணுக்களை எதிர்பார்த்த இடத்தில், டி.என்.ஏ.வைப் பழுதுபார்க்கும் மரபணுக்கள் வந்து நின்றன.

2019இல் வந்த சான்று இதைவிட வலியது. சி.ஏ.ஜி. அடுக்கின் கடைசிக்கு முந்தைய இடத்தில் பெரும்பாலோர்க்கு ஒரு சி.ஏ.ஏ. இருக்கும். அதற்கும் பொருள் குளுட்டமைனே. நம் இலக்கணத்தின் ஒருபொருட்பன்மொழியை நினைத்துக்கொள்ளலாம். அந்தச் சி.ஏ.ஏ.யும் சிலருக்கு சி.ஏ.ஜி.யாக மாறியிருக்கும். புரதத்தில் குளுட்டமைன் ஒன்றுகூடக் கூடவில்லை. ஆனாலும் அவர்களுக்கு நோய் முந்துகிறது. புரதம் மட்டுமே காரணமானால் இப்படி நடக்க வழியில்லை. இடையறாத சி.ஏ.ஜி. அடுக்கின் நீளம்தான் வேகத்தை முடிவுசெய்கிறது.

அந்த அடுக்கு மூளையின் சில உயிரணுக்களில் வாழ்நாளெல்லாம் நீள்கிறது என்பது 1990களிலேயே தெரியும். அதைப் பக்கவிளைவாகக் கருதியவர்களே மிகுதி. ஸ்டீவன் மெக்கரோல் உள்ளிட்ட ஆய்வாளர்கள் இறந்தோர் கொடையளித்த மூளைகளை உயிரணு உயிரணுவாக ஆராய்ந்து 2025இல் வெளியிட்ட முடிவு அக்கருத்தைப் புரட்டிப்போட்டது. ஸ்ட்ரியேட்டம் பகுதியின் குறிப்பிட்ட நரம்பணுக்களில் எண்ணிக்கை பல பத்தாண்டுகள் மெல்ல ஏறுகிறது. 80ஐத் தாண்டியபின் விரைகிறது. 150ஐக் கடந்த பிறகே உயிரணு நிலைகுலைகிறது. பழுதுபார்க்க வரும் எம்.எஸ்.எச்.3 அடுக்கை நீட்டிவிடுகிறது; எஃப்.ஏ.என்.1 அதைத் தடுக்கிறது. உடம்பெங்கும் உள்ள மரபணு மூளையின் ஒரு பகுதியை முதலில் அழிப்பதற்கும், நாற்பதாண்டு மௌனத்திற்கும் இங்கே ஒருசேர விடை கிடைக்கிறது.

இந்தக் காலவரிசை இறந்த மூளைகளிலிருந்து கணித்தது என்பதையும், 150ஐ எட்டாத அடுக்கே தரும் புரதத்துண்டு தீங்கு செய்யக்கூடும் என்பதையும் மறுப்பாளர் எடுத்துக்காட்டுகின்றனர். இரண்டும் நியாயமானவை. ஆயினும் சி.ஏ.ஏ. சான்றுக்குப் புரதக் கொள்கை மட்டும் விடை சொல்வதில்லை. ஹன்டிங்டின் புரதத்தைக் குறைக்கும் டோமினெர்சென் மருந்தின் பெரிய பரிசோதனை 2021 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. அதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். எனினும், அடுக்கு நீள்வதையே தடுக்க எம்.எஸ்.எச்.3ஐக் குறிவைக்கும் முயற்சிகளுக்கு இப்போது மரபியல் அடிப்படை இருக்கிறது.

அத்தகைய மருந்தை அறிகுறி தோன்றுமுன், இளமையிலேயே தரவேண்டியிருக்கும். அதற்கு முதலில் பரிசோதித்து அறியவேண்டும். பரிசோதனை பல ஆண்டுகளாகக் கையில் இருந்தும், ஆபத்தில் இருப்போரில் பெரும்பாலோர் அதைச் செய்துகொள்வதில்லை. தீர்வில்லாத செய்தியைச் சுமக்க அவர்கள் விரும்பவில்லை. மரபணுவைத் தேடிச்சென்ற வெக்ஸ்லரே தமக்கும் இந்நோய் இருப்பதை 2020இல்தான் வெளிப்படையாகச் சொன்னார்.