அச்சமும் விளையாட்டும்
ஹாலோவீன் பேய்வீடு குறித்து நீலகிரியிலிருந்து ஒரு வரலாற்று நோக்கு

அக்டோபர் 31ஆம் நாள் இரவில் தம் வீட்டைப் பேய்வீடாக மாற்றியமைப்பது மேலைநாடுகளில் பலருக்குப் பொழுதுபோக்காக உள்ளது. முற்றத்தில் போலிக் கல்லறைகள், வாசலில் எலும்புக்கூடு, இருண்ட அறையில் திடீரென எழும் ஓலம் ஆகியவை இதன் கூறுகள். நம் நாட்டுப் பெருநகரக் குடியிருப்புகளிலும் இவ்வழக்கம் இன்று தலைகாட்டுகிறது. இது சாத்தானின் செயல் எனப் போதகர் சிலர் கடிந்துகொள்கின்றனர். வெறும் விளையாட்டே என இளைஞர் விடையிறுக்கின்றனர். இவ்விரு கூற்றுகளும் எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை வரலாற்றின் துணைகொண்டு ஆராய்வோம்.

1. விழாவின் வரலாறு

ஹாலோவீன் என்னும் பெயருக்குச் சகல பரிசுத்தவான்கள் திருநாளின் முன்மாலை என்பதே பொருள். நவம்பர் 1ஆம் நாளில் இத்திருநாளைக் கொண்டாடும் முறை கி.பி. 9ஆம் நூற்றாண்டில் மேலைத் திருச்சபையில் பரவியது. கி.பி. 1000ஐ ஒட்டி, குளுனி மடத்தின் தலைவர் ஓடிலோ, அதற்கடுத்த நாளை மரித்த விசுவாசிகள் அனைவருக்காகவும் மன்றாடும் நாளாக ஏற்படுத்தினார். 1517ஆம் ஆண்டு லூத்தர் தம் தொண்ணூற்றைந்து கருத்துரைகளை வெளியிட்டதும் இம்முன்மாலையிலேயே என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது.

சீர்திருத்தத் திருச்சபைகள் உத்தரிக்கும் தலத்தைப் பற்றிய போதனையை விலக்கின. ஆயினும் மரித்தோரைப் பற்றிய அச்சம் மக்கள் மனத்தைவிட்டு அகலவில்லை. சீர்திருத்தத்தைத் தழுவிய ஸ்காட்லாந்து, 1563ஆம் ஆண்டில் சூனியத்துக்கு மரணதண்டனை விதிக்கும் சட்டத்தை இயற்றியது. ஆயிரக்கணக்கானோர் குற்றஞ்சாட்டப்பட்டனர், அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். அச்சட்டம் 1736ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்குப்பின், 1785இல், அந்நாட்டுக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் ஹாலோவீன் இரவைச் சிரிப்பும் குறும்பும் நிறைந்த கிராமத்து விழாவாகப் பாடினார். அச்சம் தன் சட்ட அதிகாரத்தை இழந்த பின்னரே அது பாட்டுக்கும் விளையாட்டுக்கும் உரிய பொருளாயிற்று எனலாம்.

ஐரிஷ், ஸ்காட்டிஷ் மக்கள் குடியேறியபோது இவ்வழக்கம் அமெரிக்காவுக்குச் சென்றது. 1930களின் பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில், அவ்விரவில் சிறுவர் செய்த சேதங்கள் பெருகின. அவர்களைத் தெருவிலிருந்து விலக்கும்பொருட்டுப் பெற்றோர் வீட்டு நிலவறைகளை அச்சமூட்டும் வழிகளாக அமைத்தனர். வீட்டுப் பேய்வீட்டின் பிறப்பு இதுவே. 1969இல் டிஸ்னிலாந்தில் பேய் மாளிகை திறக்கப்பட்டபின் இது பெருந்தொழிலாக வளர்ந்தது. 1972இல் ஜெரி ஃபால்வெல் நிறுவிய கல்லூரியினர் பேய்வீட்டையே நற்செய்திப் பணிக்கான கருவியாக்கினர். திகிலின் முடிவில் மனந்திரும்புதலுக்கான அழைப்பு விடுக்கப்பட்டது.

2. நீலகிரியின் சான்று

நீலகிரி மக்கள் மரித்தோரை எவ்வாறு நோக்கினர்? 1906இல் ரிவர்ஸ் வெளியிட்ட ஆய்வின்படி, தோடர் மரித்தவரின் உடலைக் குடிலில் கிடத்தி, எருமைகளைப் பலியிட்டு, மேற்கிலுள்ள அமுனோதர் என்னும் மறுவுலகுக்கு வழியனுப்பினர். படகரின் பழைய ஈமச்சடங்கில், மரித்தவரின் பாவங்கள் ஒவ்வொன்றாக எடுத்துரைக்கப்பட்டு, ஒரு கன்றின்மேல் ஏற்றப்பட்டன. லேவியராகமத்தின் போக்காட்டைக் கற்றவர்க்கு இது வியப்பூட்டும். மரித்தோரை மதிப்புடன் வழியனுப்புவதே இவற்றின் நோக்கம்.

ஆனால் அச்சத்துக்கு அங்கு வேறொரு முகமும் இருந்தது. காடுகளில் வாழ்ந்த குறும்பர் மாந்திரீக ஆற்றல் உடையோர் என அண்டை மக்கள் நம்பினர். நோயோ கால்நடைச் சாவோ நேர்ந்தால் பழி அவர்கள்மேல் விழுந்தது. 1835ஆம் ஆண்டில் நாற்பத்தெட்டுக் குறும்பர் கொல்லப்பட்டனர் என்றும், 1875, 1882ஆம் ஆண்டுகளில் மேலும் சிலர் மடிந்தனர் என்றும், 1900இல் ஒரு குடும்பமே அழிக்கப்பட்டது என்றும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளிவந்த அரசாங்க நூல்கள் கூறுகின்றன. இதைக்கொண்டு எந்தச் சமூகத்தையும் இழித்துரைத்தல் தகாது. வேதாகமத்தைக் கையில் ஏந்திய ஸ்காட்லாந்து செய்ததும் இதுவே. 1840களில் கேத்தியில் பணி தொடங்கிய பாசல் மிஷனெரிமார் இத்தகைய அச்சத்தின் நடுவிலேயே ஊழியஞ்செய்தனர்.

3. திருச்சபைக்குரிய படிப்பினை

இவற்றை ஒப்புநோக்கும்போது, பேய்வீட்டு விளையாட்டு என்பது அச்சத்திலிருந்து விடுபட்டோருக்கே இயலும் ஒன்று என்பது புலனாகும். அட்டைப் பேயைக் கண்டு சிரிக்கும் குழந்தை தனக்குத் தீங்கு நேராது என அறிந்திருக்கிறது. 1835ஆம் ஆண்டின் குறும்பனுக்கு அவ்வுறுதி இல்லை. செய்வினை வைத்தவள் எனப் பழிக்கப்பட்டு ஊரார் ஒதுக்கும் ஏழைக் கைம்பெண்ணுக்கு இன்றும் அவ்வுறுதி இல்லை. ஆகவே, குழந்தைகளின் முகமூடியைக் கண்டு பிரசங்கபீடத்தில் முழங்கும் நாம், நம் சபையார் அயலாரைச் சூனியக்காரர் எனத் தூற்றும்போது வாய்மூடியிருத்தல் முறையாகுமா? இவ்விரண்டில் எது மனித உயிரைப் பறித்தது என்பதற்கு வரலாறு சான்று பகர்கிறது.

திகிலூட்டி ஆத்தும ஆதாயம் செய்யும் முறையும் ஆய்வுக்குரியது. அன்பையும் அச்சத்தையும் யோவானின் முதல் நிருபம் எதிரெதிரே நிறுத்துகிறது. அச்சத்தினால் வந்தவன் அச்சம் நீங்கியதும் அகல்வான். அகலாதிருப்பின், தன் அச்சத்தைப் பிறர்மேல் ஏற்றுவான்.

விலக்குவதோடு நில்லாமல், விழாவின் மூலப்பொருளை மீட்பதே நம் கடமை. உதகமண்டலத்தின் புனித ஸ்தேவான் ஆலயம் 1831இல் திறக்கப்பட்டது. நகரை நிறுவிய ஜான் சலிவனின் மனைவியும் மகளும் அதன் கல்லறைத் தோட்டத்தில் துயில்கின்றனர். அவர்கள் பெயரைக் கல் காக்கிறது. அதே மலையில் தேயிலைத் தோட்டங்களை உருவாக்கி மடிந்த தொழிலாளர் பலருக்குக் கல் இல்லை. நவம்பர் முதல் ஞாயிறு ஆராதனையில் இத்தகையோரின் பெயர்களைக் குடும்பத்தாரிடம் கேட்டறிந்து, சபையின் முன் வாசித்து, அவர்களுக்காகத் தேவனை ஸ்தோத்திரிக்கலாம். மரித்தோர் அச்சத்துக்குரியவர் அல்லர், நம் உறவினர் என்பதைக் குழந்தைகள் அங்கே கற்றுக்கொள்வார்கள்.