கல்லில் இல்லாத பெயர்கள்

பெருநாள் தொழுகை முடிந்ததும் மையவாடிக்குச் சென்று, கப்றுவாசிகளுக்கு ஸலாம் உரைத்துத் துஆச் செய்து திரும்புவது நம் ஊர்கள் பலவற்றின் நெடுநாள் வழக்கம். உடன் வரும் பிள்ளைகள், "நம் பாட்டனாரின் கப்று எது?" என்று கேட்டால் சுட்டிக் காட்டுகிறோம். "அவருடைய வாப்பாவின் கப்று?" என்று கேட்டால் தயங்குகிறோம். "அவருடைய உம்மாவின் பெயர் என்ன?" என்ற மூன்றாம் கேள்விக்கு நம்மில் பலரிடம் விடையே இல்லை. எங்கள் குடும்பத்திலும் இருந்ததில்லை. அந்த விடையைத் தேடிப் புறப்பட்டபோது நாம் கற்றவற்றையே இங்கே பகிர்கிறோம்.

எதற்காகத் தேட வேண்டும்?

உறவினரைச் சேர்ந்து வாழ்வதற்கு வேண்டிய அளவு உங்கள் வம்சத்தை அறிந்துகொள்ளுங்கள் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்களின் அறிவுரை திர்மிதியில் இடம்பெற்றுள்ளது. வம்சத்தை அறிவதன் நோக்கமும் எல்லையும் இதிலேயே அடங்கியுள்ளன. மனிதர்கள் கிளைகளாகவும் கோத்திரங்களாகவும் ஆக்கப்பட்டது ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்கே என்றும், இறையச்சமே மேன்மையின் அளவுகோல் என்றும் அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 13ஆம் வசனம் தெளிவுபடுத்துகிறது. ஆகவே மூதாதையர் அரபு நாட்டிலிருந்து கப்பலேறி வந்தவராயினும், இம்மண்ணிலேயே உழுதும் நெய்தும் வாழ்ந்து இஸ்லாத்தை ஏற்றவராயினும், இரண்டும் ஒரே கண்ணியத்திற்கு உரியவையே. பெருமை தேடிப் புறப்படுபவருக்குக் கட்டுக்கதை எளிதில் கிடைத்துவிடும். உறவைத் தேடுபவருக்கு மட்டுமே உண்மை தேவைப்படுகிறது.

எண்ணிக்கை உண்டு, பெயர் இல்லை

இங்கிலாந்தில் 1921ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வீட்டுத் தாள்கள் நூறாண்டு கழித்து 2022இல் பொதுமக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்டன. தம் பூட்டனாரின் பெயர், வயது, தொழில் அனைத்தையும் அங்குள்ளோர் ஒரே தாளில் காண்கின்றனர். நம் நாட்டுக் கணக்கெடுப்பிலும் அவ்வாறே காணலாம் என்ற நம்பிக்கையுடன்தான் நாமும் தொடங்கினோம்.

சென்னை மாகாணத்தில் 1871இல் விரிவான கணக்கெடுப்பு நடந்தது. 1881 பிப்ரவரி 17 இரவு இந்தியா முழுவதும் ஒரே நேரத்தில் மக்கள் எண்ணப்பட்டனர். இவற்றின் அறிக்கைகள் இன்றும் கிடைக்கின்றன. லெப்பை, மாப்பிள்ளை, ஷேக், சையித், பட்டாணி என்ற தலைப்புகளின்கீழ் மாவட்டந்தோறும் எத்தனை பேர் என்ற கணக்கு அவற்றில் உண்டு. ஆனால் வீடு வீடாக எழுதிய பெயர்த்தாள்கள், கூட்டல் முடிந்தபின் பாதுகாக்கப்படவில்லை. விடுதலைக்குப் பிந்தைய கணக்கெடுப்புகளின் ஏடுகளையோ, 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி பொதுமக்கள் பார்வையிட இயலாது.

தலைப்புகளிலும் எச்சரிக்கை வேண்டும். கணக்கெடுப்பாளர் 'லெப்பை' என்று எழுதிய இடத்தில் மரைக்காயரும் ராவுத்தரும்கூட அடங்கியிருக்கலாம். கடல் கடந்த நம் உறவினரின் நிலையும் இதுவே. இலங்கையின் 1911ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு, இலங்கைச் சோனகரையும் இந்தியச் சோனகரையும் தனித்தனியே பிரித்தது. பினாங்கு, சிங்கப்பூர் கணக்கெடுப்புகளில், தமிழ் முஸ்லிம் தந்தைக்கும் மலாய்த் தாய்க்கும் பிறந்தோர் 'ஜாவி பெக்கான்' எனப்பட்டனர். ஒரே பாட்டனாரின் பேரப்பிள்ளைகள் இக்கரையில் ஒரு தலைப்பிலும் அக்கரையில் வேறொரு தலைப்பிலும் எண்ணப்பட்டிருக்கக்கூடும்.

மீஸான் கல் சொல்வதும் சொல்லாததும்

கணக்கேடு கைவிட்டபின் மையவாடிக்குச் சென்றோம். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற பழைய துறைமுக ஊர்களில் அரபு எழுத்துப் பொறித்த பழங்கற்கள் இன்றும் உள்ளன. மெஹர்தாத் ஷொகூஹி என்ற ஆய்வாளர் தென்னிந்திய முஸ்லிம் கட்டடக்கலை பற்றி 2003இல் வெளியிட்ட நூலில் காயல்பட்டினத்துப் பழங்கட்டடங்களையும் ஆராய்ந்துள்ளார். ஆயினும் எழுத்துள்ள கற்கள் பெரும்பாலும் அறிஞர்களுக்கும் செல்வர்களுக்கும் உரியவை. எளியோரின் கப்றுகளில் எழுத்தில்லாத இரு கற்களோ ஒரு செடியோதான் அடையாளம்.

இதில் குறையேதும் இல்லை. கப்றின்மீது கட்டுவதையும் எழுதுவதையும் நபி (ஸல்) அவர்கள் தடுத்ததாக ஜாபிர் (ரலி) அவர்களின் அறிவிப்பு திர்மிதியில் உள்ளது. அதே வேளையில் உஸ்மான் இப்னு மழ்ஊன் (ரலி) அவர்களின் கப்றின் தலைமாட்டில் நபியவர்கள் ஒரு கல்லை வைத்து, அதனை அடையாளம் கண்டு தம் குடும்பத்தாரை அருகில் அடக்க விரும்பியதாக அபூதாவூத் பதிவு செய்கிறார். அடையாளம் போதும், ஆடம்பரம் வேண்டா என்பதே இதிலிருந்து நாம் பெறும் பாடம். காலப்போக்கில் அதே மண்ணில் மற்றொருவர் அடக்கப்படுவதும் நம் மையவாடிகளின் இயல்பு.

எழுத்துள்ள கல் கிடைத்தால் ஆண்டைக் கணிக்கக் கற்றிருக்க வேண்டும். ஹிஜ்ரி ஆண்டை 0.97ஆல் பெருக்கி 622ஐக் கூட்டினால் ஏறக்குறைய ஆங்கில ஆண்டு கிடைக்கும். ஹிஜ்ரி 1300 பிறந்தது 1882 நவம்பரில். தென்பாண்டிப் பகுதியின் பழைய ஆவணங்களில் கொல்லம் ஆண்டு இருந்தால் 824 அல்லது 825ஐக் கூட்ட வேண்டும். சில கற்களில் எண்ணே இராது. ஒரு அரபுத் தொடரின் எழுத்து மதிப்புகளைக் கூட்டினால் மறைந்த ஆண்டு வரும். பிஸ்மில்லாஹ்வின் எழுத்துகளைக் கூட்டி 786 என்று எழுதும் வழக்கத்தை நாம் அறிவோம். அதே அப்ஜத் கணக்குத்தான் இதுவும்.

எங்கள் பூட்டனாரின் கல்லில் எழுத்தில்லை. பூட்டியாரின் கப்று இருந்த இடமே தெரியவில்லை.

நாற்பது பங்குகள்

விடை, வீட்டுப் பரணில் ஒரு தகரப்பெட்டியில் இருந்தது. பூட்டனார் மறைந்தபின் எழுதப்பட்ட பாகப்பிரிவினைப் பத்திரம் அது. சொத்தை நாற்பது பங்காக்கி, மனைவிக்கு 5, மகன்கள் இருவருக்கும் 14 வீதம், மகளுக்கு 7 எனப் பிரித்திருந்தனர். பிள்ளைகள் உள்ள கணவரின் சொத்தில் மனைவிக்கு எட்டில் ஒன்று, எஞ்சியதில் ஆணுக்கு இரு பங்கு, பெண்ணுக்கு ஒரு பங்கு என்ற அன்னிஸா அத்தியாயத்தின் சட்டம் அப்படியே எண்களாக நின்றது. அந்த ஐந்து பங்கிற்கு நேரே எங்கள் பூட்டியாரின் பெயரும் இடது பெருவிரல் ரேகையும் இருந்தன.

எங்களை மேலும் நிறுத்தியது அந்த ஏழு பங்கு. பூட்டனாருக்கு இரு மகன்கள் என்று மட்டுமே கேட்டு வளர்ந்த எங்களுக்கு, ஒரு மகளும் இருந்தார் என்பதை அப்பத்திரமே அறிவித்தது. அவருடைய கணவரின் பெயரும் ஊரும் அதில் இருந்தன. அவ்வூர் ஜமாஅத்தின் நிக்காஹ் தஃப்தரைப் புரட்டியபோது மணமகள், அவரது தந்தை, வலீ, சாட்சிகள், மஹர், ஹிஜ்ரி நாள் என்று அனைத்தும் அரபுத் தமிழ் எழுத்தில் கிடைத்தன. அவர் வழிவந்தோர் இன்றும் அங்கே வாழ்கின்றனர். பலமுறை ஒரே திருமணப் பந்தலில் அமர்ந்து உண்டும் நாம் ஒருவரையொருவர் அறியாதிருந்தோம்.

கல்லும் கணக்கேடும் தராத பெயரைப் பங்குச் சட்டம் காத்துத் தந்தது. இதன் மறுபக்கமும் நம்மைச் சுடுகிறது. சீதனம் கொடுத்துவிட்டோம் என்று சொல்லி மகளுக்குரிய பங்கை மறுத்த வீட்டில், அவள் பெயர் எந்தப் பத்திரத்திலும் ஏறுவதில்லை. உரிமை மறுக்கப்பட்டவள் ஏட்டிலிருந்தும் மறைகிறாள். மூன்று தலைமுறைக்குப்பின் அவள் பிள்ளைகள் நமக்கு அந்நியராகின்றனர்.

இன்று செய்யத்தக்கவை

முதலில் வீட்டு முதியவர்களிடம், குறிப்பாகப் பாட்டிமார்களிடம், கேட்டு எழுதுங்கள். பாட்டனார் பெயரையே பேரனுக்கு இடும் வழக்கத்தால் ஒரே பெயர் ஒன்றுவிட்டு ஒரு தலைமுறையில் திரும்ப வரும். எனவே தந்தை பெயரின்றி எப்பெயரையும் எழுதாதீர்கள். அடுத்து, சார்பதிவாளர் அலுவலகத்தில் பழைய பத்திரங்களின் நகலுக்கு விண்ணப்பியுங்கள். செக்குபந்தியில் வரும் அண்டை நிலத்தார் பல வேளைகளில் பிரிந்துபோன சகோதரர்களாகவே இருப்பர். காயல்பட்டினம் போல வீட்டை மகளுக்கு வழங்கும் ஊர்களில், வீட்டுப் பத்திரமே தாய்வழியைக் காட்டும். 1980இல் கிராம முன்சீப் பதவி ஒழிக்கப்படும் முன் அவர்கள் எழுதிய பிறப்பு இறப்புப் பதிவுகளையும் வட்டாட்சியர் அலுவலகத்தில் விசாரியுங்கள்.

ஜமாஅத் நிர்வாகிகளிடம் ஒரு வேண்டுகோள். பழைய தஃப்தர்கள் பல ஊர்களில் கரையானுக்கு இரையாகின்றன. அவற்றைப் படமெடுத்து வைப்பதற்குப் பெரும் பொருட்செலவு இல்லை. அரபுத் தமிழ் படிக்கத் தெரிந்த பெரியவர்கள் நம்மிடையே இருக்கும்போதே அவற்றைத் தமிழ் எழுத்தில் பெயர்த்து எழுதச் செய்யுங்கள். அவர்களுக்குப்பின் ஏடு இருந்தும் படிப்பார் இரார்.

சென்ற பெருநாளில் மையவாடியில் நின்றபோது பிள்ளைகள் மீண்டும் அந்த மூன்றாம் கேள்வியைக் கேட்டனர். பூட்டியாரின் கப்றைக் காட்ட இயலவில்லை, பெயரைச் சொன்னோம். அப்பெயரைச் சொல்லி அவர்கள் துஆச் செய்தனர். புதிதாகக் கிடைத்த உறவினரும் அன்று எங்களோடு நின்றிருந்தனர்.

நம் முன்னோரின் பிழைகளைப் பொறுத்து, அவர்களின் கப்றுகளை ஒளியாக்கி, அறுந்த உறவுகளைச் சேர்த்து வாழும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் வழங்குவானாக! ஆமீன்.