கையடக்கக் கடல் வானொலி: சிறுபடகு மீன்பிடிக்கான தேர்வு

கையடக்கக் கடல் வானொலி என்பது கலங்கள் தம்முள்ளும் கரையோடும் பேசுவதற்கென 156 முதல் 162 மெகா ஹெர்ட்ஸ் வரை ஒதுக்கப்பட்ட மிக உயர் அதிர்வெண் (வி.எச்.எஃப்.) பட்டையில் இயங்கும், கையில் பிடித்தே பேசவும் கேட்கவும் இயலும் மின்கலக் கருவியாகும். தமிழகக் கரையோரங்களில் இது வாக்கிடாக்கி, வயர்லெஸ் என வழங்குகிறது. படகில் நிலையாகப் பொருத்தும் கருவி 25 வாட் வரை ஆற்றலை வெளியிட, கையடக்க வகை பெரும்பாலும் 5 அல்லது 6 வாட்டோடு நின்றுவிடுகிறது. எனினும் அவுட்போர்டு பூட்டிய ஃபைபர் படகு, வள்ளம் போன்ற திறந்த கலங்களில் நனையாத அறையோ உயர்ந்த கம்பமோ இராமையால், அவற்றுக்கு இவ்வகையே பொருந்துகிறது.

கடலில் வானொலியின் வரலாறு 1897 மே மாதம் மார்க்கோனி பிரிஸ்டல் கால்வாயில் ஃபிளாட் ஹோம் தீவுக்கும் லேவர்னாக் முனைக்கும் இடையே தந்திக் குறிகளை அனுப்பிக் காட்டியதிலிருந்து தொடங்குகிறது. 1899 மார்ச்சில் எல்பே என்னும் வணிகக் கப்பல் குட்வின் மணல்திட்டில் தட்டி நின்றபோது, அருகிலிருந்த விளக்குக் கப்பல் கம்பியில்லாத் தந்தி வழியே கரைக்குச் செய்தி அனுப்ப, ராம்ஸ்கேட்டிலிருந்து மீட்புப் படகு புறப்பட்டது. 1912இல் டைட்டானிக் மூழ்கியதையடுத்து 1914இல் லண்டனில் கூடிய மாநாடு பயணிகள் கப்பல்களில் வானொலியைக் கட்டாயமாக்கும் உடன்படிக்கையை உருவாக்கிற்று. ஆயினும் தந்திக்குப் பயிற்சி பெற்ற இயக்குநர் தேவைப்பட்டமையால் மீன்பிடிப் படகுகள் இதனால் பயன்பெறவில்லை. பேச்சு வழித் தொடர்பு பரவி, 1947இல் அட்லாண்டிக் சிட்டி மாநாடு 2182 கிலோ ஹெர்ட்ஸை ஆபத்து அழைப்புக்கான பேச்சு அதிர்வெண்ணாக வகுத்த பின்னரும், அதற்குரிய கருவியும் நீண்ட அலைவாங்கிக் கம்பியும் சிறு கலங்களுக்குச் சுமையாகவே இருந்தன. அமெரிக்கரான எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங் 1933இல் காப்புரிமை பெற்ற அதிர்வெண் பண்பேற்ற (எஃப்.எம்.) முறையும், இரண்டாம் உலகப்போரில் அதனைக் கையாண்டு வீரர்கள் முதுகில் சுமந்த ஏறத்தாழ 15 கிலோ எடையுள்ள எஸ்.சி.ஆர்.-300 கருவியுமே இன்றைய கையடக்க வானொலியின் மெய்யான முன்னோடிகள் எனலாம். 1957இல் ஹேக் நகரில் நடந்த மாநாடு 156.8 மெகா ஹெர்ட்ஸை, அதாவது இன்றைய 16ஆம் சேனலை, அழைப்புக்கும் பாதுகாப்புக்கும் உரியதாக வகுத்தது.

இப்பட்டையின் அலைகள் ஏறத்தாழ நேர்கோட்டில் செல்வதால், எட்டும் தொலைவை வாட்டைவிட அலைவாங்கியின் உயரமே தீர்மானிக்கிறது. இரு முனைகளின் உயரங்களை மீட்டரில் கொண்டு, அவற்றின் வர்க்கமூலங்களைக் கூட்டி 4.12ஆல் பெருக்கினால் கிடைப்பது கிலோமீட்டர் கணக்கில் தோராயமான எல்லையாகும். கடல்மட்டத்திலிருந்து இரண்டு மீட்டர் உயரத்தில் கருவியைப் பிடித்திருக்கும் இரு படகினருக்கு இது 12 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவாகவும், ஒருவர் 64 மீட்டர் உயரக் கரைக் கோபுரத்தோடு பேசும்போது 38 கிலோமீட்டருக்கு மேலாகவும் அமைகிறது. அலையின் பள்ளத்தில் படகு இறங்கும்போது இவ்வெல்லை மேலும் சுருங்கும். எனவே 5 வாட்டுக்கும் 6 வாட்டுக்கும் விலை வேறுபாடு கொடுப்பது வீண். எழுந்து நின்று கருவியை உயர்த்திப் பேசுவதே அதனினும் பயனளிக்கும்.

நீர்காப்பைக் குறிக்கும் ஐ.பி.எக்ஸ்.7 என்னும் தரம், ஒரு மீட்டர் ஆழத்தில் அரைமணி நேரம் மூழ்கியும் கருவி கெடாது என்பதை மட்டுமே உறுதி செய்கிறது. நீரில் விழுந்த கருவி மிதக்குமா என்பது தனிக் கேள்வி. மிதக்கும் வகை பருமனாக இருப்பினும் திறந்த படகுக்கு அதுவே உரியது. விளம்பரங்களில் குறிக்கப்படும் மின்கல நேரம், நூறில் ஐந்து பங்கு பேச்சு, ஐந்து பங்கு கேட்பு, எஞ்சிய தொண்ணூறு பங்கு காத்திருப்பு என்ற கணக்கில் அமைவதால், வலை வளைக்கும் பொழுதில் ஓயாது பேசுவோருக்கு அந்நேரம் கிட்டாது. படகில் மின்னேற்ற வசதி இல்லாதோர் சாதாரண உலர்மின்கலங்களை இடுவதற்கான மாற்றுப் பெட்டியுள்ள வகையை நாடுவர். வானிலைச் சேனல்கள் என்று விற்கப்படும் வசதி வட அமெரிக்க ஒலிபரப்புகளுக்கானதாதலால் இந்தியக் கடலில் பயனற்றது. இங்குக் கருவியைப் பன்னாட்டுச் சேனல் முறையில் அமைக்க வேண்டும்.

எஃப்.எம். முறையில் ஒரே சேனலில் இருவர் பேசினால் வலுவான குரல் மெலிந்ததை முற்றிலும் அமிழ்த்திவிடும். ஆபத்திலுள்ள படகின் குரல் இவ்வாறு மறைவதைத் தவிர்க்க 70ஆம் சேனலில் இயங்கும் இலக்கமுறைத் தேர்வழைப்பு (டி.எஸ்.சி.) உதவுகிறது. சிவப்புப் பொத்தானை அழுத்தியதும் கலத்தின் ஒன்பது இலக்க அடையாள எண்ணும், ஜி.பி.எஸ். காட்டும் இருப்பிடமும் குறியீடாகப் பரவுகின்றன. சுற்றியுள்ள பெருங்கப்பல்கள் இச்சேனலைக் கேட்கக் கடமைப்பட்டவை. ஆகவே, இவ்வசதி சிறுபடகுக்குத் தேவையற்ற ஆடம்பரம் என்ற கருத்து பொருந்தாது. கைப்பேசி ஒருவரோடு பேசவே உதவ, இக்கருவியின் அழைப்பு எட்டும் தொலைவிலுள்ள அனைவருக்கும் கேட்கும்.

இந்தியாவில் இக்கருவியை வைத்திருக்க ஒன்றியத் தொலைத்தொடர்புத் துறையின் உரிமம் தேவை. 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயலின்போது குமரி மாவட்டத்து ஆழ்கடல் மீனவர் பலர் வி.எச்.எஃப். எல்லைக்கு அப்பால் இருந்தமையால் எச்சரிக்கை அவர்களை எட்டவில்லை; அதன் பின்னர்ச் செயற்கைக்கோள் வழிச் செய்திக் கருவிகள் படகுகளில் பொருத்தப்பட்டு வருகின்றன.