பதில் மட்டும் மாறக்கூடாது

1944இல் ஏவி. மெய்யப்ப செட்டியார் ‘ஹரிச்சந்திரா’ என்ற கன்னடப் படத்தைத் தமிழ் பேச வைத்தார். தமிழின் முதல் டப்பிங் படம் அதுதான். பின்னாளில் எங்கள் கோடம்பாக்கத்தில் அது தனித் தொழிலாகவே வளர்ந்தது: இசையும் சத்தமும் ஒரு டிராக், வசனம் வேறு டிராக், மொழி மாறினால் வசனத்தை மட்டும் புதிதாகப் பேசிச் சேர்ப்பார்கள். அசெம்பிளருக்கும் லிங்கருக்கும் சோதனை எழுதிப் பிழைப்பவன் நான். எங்கள் தொழில் இந்தப் பிரிப்பைக் கற்றுக்கொள்ள வெகுகாலம் ஆயிற்று.

குனு அசெம்பிளர் ஒன்றுதான். அது மொழிபெயர்த்துத் தரும் பிராசசர்களோ பல டஜன். ஒவ்வொன்றுக்கும் தனிச் சோதனை எழுதிக் கட்டாது என்றுதான் 1990களின் தொடக்கத்தில் சிக்னஸ் நிறுவனத்தில் ராப் சவோய் சோதனைகளை ஓட்டும் ‘டெஜாகுனு’வை உருவாக்கினார். ஆனால் ஓட்டும் கருவி பொதுவானால் போதுமா? சோதனை வரியிலேயே பிராசசரின் வாடை வீசும். ‘வேர்ட்’ என்றால் எக்ஸ்86இல் 2 பைட், ஆர்மில் 4 பைட். ‘அலைன் 4’ என்றால் எக்ஸ்86 லினக்ஸில் 4 பைட் எல்லை. ஆர்மில் 2இன் நான்காம் அடுக்கு, அதாவது 16. ஒரு லேபிளை ஃபங்ஷன் என்று அறிவிக்க @ குறி போட்டால், ஆர்ம் அசெம்பிளர் அதற்குப் பின்னால் இருப்பதையெல்லாம் கமென்ட் என்று தள்ளிவிடும். அங்கே % போடவேண்டும். அதனால்தான் பழகியவர்கள் ‘4பைட்’, ‘பி2அலைன்’ என்று அளவைப் பெயரிலேயே சொல்லும் கட்டளைகளை எழுதுகிறார்கள். லிங்கர் தரும் முகவரியும் இலக்குப் பிராசசருக்கு ஏற்ப மாறும். எதிர்பார்க்கும் விடையில் அந்த இடத்தில் எண்ணை எழுதாமல், எந்த எண்ணும் பொருந்தும்படி ஒரு வடிவத்தை எழுதி வைப்பார்கள்.

சுலபமான வழி ஒன்றும் உண்டு: ‘இந்த இலக்குக்கு இந்தச் சோதனை வேண்டாம்’ என்று ஒரு வரி சேர்த்துவிடுவது. எனக்கு அது அறவே பிடிக்காது. தவிர்த்த சோதனை தேறிய சோதனை ஆகாது. காரணத்தையாவது பக்கத்தில் எழுத வேண்டும்.

பெர்க்லியில் 2010இல் ரிஸ்க்-வி என்ற கட்டளைத் தொகுப்பு பிறந்தது. அதை வைத்து ஐஐடி மெட்ராஸில் பேராசிரியர் காமகோடியின் குழு ‘சக்தி’ பிராசசர்களை வடிவமைத்தது. 2018இல் இரண்டு சிப்கள் வந்தன: இன்டெலின் 22 நானோமீட்டரில் ரைஸ்கிரீக், மொஹாலியில் 180 நானோமீட்டரில் ரிமோ. ரிஸ்க்-வி உலகில் கட்டளைத் தொகுப்பு ஒன்றேயானாலும் நினைவகம் எங்கே தொடங்குகிறது, சிப்பை எப்படி நிறுத்துவது என்பதெல்லாம் சிப்புக்குச் சிப் வேறு.

சக்தி குழுவிலிருந்து கிளைத்த சென்னை இன்கோர் நிறுவனம் இதற்காக ‘ரிஸ்காஃப்’ என்ற சோதனைக் கருவியைச் செய்தது. சோதனைக்குள் ‘இங்கே நிறுத்து’, ‘தரவு இங்கே தொடங்குகிறது’ என்ற மேக்ரோ பெயர்கள் மட்டும் இருக்கும். அவற்றின் பொருளையும் லிங்கர் ஸ்கிரிப்டையும் சிப் செய்தவரே எழுதித் தருவார். சோதனை தன் விடைகளை நினைவகத்தின் ஒரு பகுதியில் எழுதிவிட்டு நிற்கும். அந்தப் பகுதிக்கு ‘சிக்னேச்சர்’ என்று பெயர். அதே சோதனையை ‘செயில்’ அல்லது ‘ஸ்பைக்’ என்ற மென்பொருள் மாதிரியிலும் ஓட்டி, இரண்டு சிக்னேச்சர்களையும் வரிக்கு வரி ஒப்பிடுவார்கள். ‘தேறிவிட்டேன்’ என்று சிப் தானே சொல்ல வேண்டியதில்லை. எழுத்தை வெளியே அனுப்பும் வசதிகூட அதற்குத் தேவையில்லை. அரைகுறையாக எழுந்து நிற்கும் ஒரு புதுச் சிப்பைச் சோதிக்க இதைவிட நியாயமான முறையை நான் பார்த்ததில்லை. ரிஸ்க்-வி சர்வதேச அமைப்பும் தன் கட்டமைப்புச் சோதனைகளுக்கு இதை ஏற்றுக்கொண்டது; பல நாட்டுச் சிப்கள் சென்னையில் பிறந்த இந்தக் கருவியில் ஓடித் தேறியிருக்கின்றன.