ஆப்பிரிக்கப் பெரும்பிளவும் அதன் பழந்தடமும்

கண்டமொன்று கடலுள் மூழ்கியது என்னும் கொள்கை தமிழாராய்ச்சியுட் புகுந்த வரலாறு யாவரும் அறிந்ததே. 1864-இல் விலங்குநூல் அறிஞர் பிலிப் ஸ்கிளேட்டர், மடகாஸ்கரில் வாழும் லெமூர் விலங்குகளின் உறவினங்கள் இந்தியாவிலும் காணப்படுதலை நோக்கி, இடையே நிலமொன்று இருந்திருத்தல் வேண்டும் எனக் கருதி அதற்கு ‘லெமூரியா’ எனப் பெயரிட்டார். நம்மவர் அப்பெயரை இறையனார் களவியலுரை கூறும் கடல்கோளொடு இயைத்தனர். நிலநூலாரோ மூழ்குதலைக் கைவிட்டுப் பிளத்தலைக் கொண்டு நெடுங்காலமாயிற்று. நிலம் யாண்டுப் பிளக்கும், ஏன் ஆண்டே பிளக்கும் என்பதற்குக் கிழக்காப்பிரிக்காவினும் தெளிவான சான்று அரிது. ஆதலின் அதனையே ஈண்டு ஆராய்வாம்.

1891-இல் எடுவார்டு சூயெஸ், தெலக்கி, ஹோனெல் என்போர் தம் பயணத்திற் கண்ட செய்திகளைத் துணைக்கொண்டு, கிழக்காப்பிரிக்கப் பள்ளங்கள் நிலவோடு இழுபட்டு விரிந்தமையால் தோன்றியவை என எழுதினார். 1893-இல் ஜே. டபிள்யூ. கிரெகரி கென்யா சென்று, அப்பள்ளத்தாக்கு ஆறு அரித்ததன்று, இருமருங்கும் பிளவுண்டு நடுநிலம் தாழ்ந்தமையால் ஆயது எனக் கண்டார். அவர் நூல் 1896-இல் வெளிவந்தது. எவ்வாறு பிளந்தது என்பதற்கு இவர்தம் எழுத்துக்களில் விடை உண்டு. அவ்விடத்தே பிளந்தது ஏன் என்பது பின்னரே விளங்கிற்று.

நிலப்படத்தை நோக்குங்கால், பிளவு ஒரே கோடாகச் செல்லாமல் மேற்கு, கிழக்கு என இரு கிளையாகப் பிரிந்து ஒரு நிலப்பகுதியைச் சூழ்ந்து செல்லுதல் புலனாகும். மேற்குக் கிளையிலுள்ள தாங்கனீக்கா ஏரியின் ஆழம் ஏறத்தாழ 1,470 மீட்டர். கிளைகளுக்கு இடைப்பட்ட விக்டோரியா ஏரி பரப்பில் அதனினும் பெரிது. ஆழமோ 80 மீட்டர் அளவினதே. இடைப்பட்ட அந்நிலம் 250 கோடி ஆண்டினும் பழமையானது. நிலநூலார் தான்சானியக் கிரேட்டான் என்பர். அது தடித்துக் குளிர்ந்து இறுகியது; பிளவுக்கு எளிதில் இடங்கொடாதது. அதனைச் சூழ்ந்தவையோ, பின்னாளில் நிலங்கள் மோதி நெரிந்த பட்டைகள். தென்மேற்கே உபெண்டியப் பட்டை ஏறத்தாழ 200 கோடி ஆண்டினது. கிழக்கே மொசாம்பிக் பட்டை இறுதியாக நெரிந்தது ஏறத்தாழ 60 கோடி ஆண்டுக்கு முன். உபெண்டியப் பாறைகளின் அடுக்கு வடமேற்கு–தென்கிழக்காக ஓடும். தாங்கனீக்காவின் தென்பகுதியும் அவ்வாறே ஓடும். இத்தனைக்கும் இன்றைய பிளவின் அகவை ஏறத்தாழ மூன்று கோடி ஆண்டே. இவ்வியைபினை 1972-இல் ஆர். பி. மக்கானல் விரித்து எழுதினார்.

ஏட்டுச் சுவடி பழகியோர்க்கு இதன் இயல்பு எளிதில் விளங்கும். பனையோலை குறுக்கே எளிதிற் கிழியாது, நார்வாக்கில் பிளக்கும். பண்டு நெரிந்த பாறையிலும் கனிமங்கள் ஒருபுடை சாய்ந்து வரிசைப்பட்டுக் கிடத்தலின், புதிய இழுவிசை அவ்வரிசையையே பற்றிச் செல்கின்றது. அற்றேல், பழந்தடமே பிளவிற்குக் காரணமோ எனின், அன்று. இழுக்கும் விசை ஆழத்து வெப்பத்தாலும் நிலத்தட்டுக்களின் இயக்கத்தாலும் வருவது. தடம் அதற்கு வழியே. இவ்விரண்டையும் ஒன்றாகக் கொள்வார் பலர், அது பிழை.

அவ்வழியும் என்றும் தப்பாததன்று. 1966-இல் டூசோ வில்சன், அட்லாண்டிக்கிற்கு முன்னும் ஒரு கடல் இருந்து மூடிற்று, பின் ஏறத்தாழ அவ்விடத்தே மீண்டும் திறந்தது என்றார். ‘ஏறத்தாழ’ என்பது ஈண்டு இன்றியமையாத சொல். நியூபவுண்ட்லாந்தின் கீழ்ப்பகுதியில் ஐரோப்பிய இயல்பினவும், ஸ்காத்துலாந்தின் வடமேற்கில் அமெரிக்க இயல்பினவுமான பழைய உயிர்ப்படிவங்கள் உள்ளன. பிளவு பழந்தையலை விட்டு விலகி, ஒருகரைத் துண்டை மறுகரையில் விட்டுச்சென்றது என்பதற்கு இவையே கரி. ஆப்பிரிக்கக் கீழைக் கிளையும் வடதான்சானியாவில் கிரேட்டானை முட்டுமிடத்து ஒருவழிச் செல்லாது விரிந்து சிதறுகின்றது.

இந்தியாவும் மடகாஸ்கரும் பிரிந்தது ஏறத்தாழ 8.8 கோடி ஆண்டுக்கு முன். மக்களினம் தோன்றுதற்கு நெடுங்காலம் முன். இடையே மூழ்கிய கண்டம் ஒன்றில்லை. அகன்ற கடலே உள்ளது. ஆயின் களவியலுரைச் செய்தி பொய்யோ எனின், அவ்வினா இதனொடு படுவதன்று. கடைசிப் பனியூழிக்குப் பின் கடல்மட்டம் ஏறத்தாழ 120 மீட்டர் உயர்ந்தது. கடல்கோளை ஆராய்வார் கரையோர நிலத்தின் அவ்வரலாற்றையே முதற்கண் நோக்குதல் தகும்.