வீடு இடித்த கழிவை எங்கே கொட்டுவது? திருப்பூர்க்காரங்க தெரிஞ்சுக்க வேண்டியது

பழைய பாத்ரூமை உடைத்து டைல்ஸ் மாற்றினாலே வாசலில் இடிசல் குவிந்துவிடும். "டிப்பர்காரர் பார்த்துக்குவார்" என்று விட்டுவிடுகிறோம். அவர் எங்கே கொட்டுகிறார் என்று கேட்பதில்லை. அது நொய்யல் கரையிலோ ஓடையிலோ விழுந்தால், மழைக்காலத்தில் தண்ணீர் போக வழியிருக்காது.

திருப்பூரில் இது ஏன் பெரிய விஷயம்?

கைவிடப்பட்ட பாறைக்குழிகளில்தான் மாநகராட்சிக் குப்பை பல ஆண்டுகளாகக் கொட்டப்பட்டது. நிலத்தடி நீர் கெடுகிறது என்று முதலிபாளையம், இடுவாய் சின்னக்காளிபாளையம் பகுதி மக்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். குழியை நிரப்புவதே தீர்வு என்ற காலம் முடிந்துவிட்டது.

விதி என்ன சொல்கிறது?

கட்டடக் கழிவுக்கென்று மத்திய அரசு 2016-லேயே தனி விதிகள் கொண்டுவந்தது. வீட்டுக் குப்பையோடு கலக்கக் கூடாது; சாலையையோ சாக்கடையையோ அடைக்கும்படி போடக் கூடாது. நம் வளாகத்துக்குள் வைத்திருந்து, உள்ளாட்சி காட்டும் இடத்தில்தான் சேர்க்க வேண்டும். 2025-ல் அறிவிக்கப்பட்ட புதிய விதிகள், 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள பெரிய கட்டுமானங்களுக்குக் கூடுதல் பொறுப்பு தருகின்றன.

நீங்கள் என்ன செய்யலாம்?

இடிக்கும் முன்பே மண்டல அலுவலகத்தில் அல்லது சுகாதார ஆய்வாளரிடம் கேளுங்கள். எந்த இடம், கட்டணம் எவ்வளவு, யார் வண்டி என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். வண்டி வாடகை பேசும்போதே கொட்டும் இடத்தையும் சேர்த்துப் பேசிவிடுங்கள்.

அடுத்தது, பிரிப்பது. நம்ம ஊருக்கு இதைச் சொல்லித்தரவே வேண்டாம். பனியன் கட்டிங் வேஸ்ட்டைக் கலர் கலராகப் பிரித்தால்தான் விலை. கலந்துவிட்டால் அடிமாட்டு விலை. இடிசலும் அப்படித்தான். கம்பி பழைய இரும்புக் கடைக்குப் போகும். கதவு, ஜன்னல், முழுச் செங்கலுக்கு ஆள் இருக்கிறது. உடைந்த செங்கலும் கான்கிரீட்டும் பக்கத்தில் யாராவது தளம் மேடாக்கினால் உதவும். சென்னையில் பெருங்குடி, கொடுங்கையூர் மையங்களில் கான்கிரீட் இடிசலை நொறுக்கி மறுபடி பயன்படுத்துகிறார்கள். அதில் சோற்றுக் குப்பையும் பிளாஸ்டிக்கும் கலந்தால் எதற்கும் ஆகாது.

பெயின்ட் டப்பா, டியூப் லைட், பேட்டரி மூன்றும் வீட்டு அபாயக் கழிவு. தனியாகக் கட்டித் தூய்மைப் பணியாளரிடம் சொல்லியே கொடுங்கள்.

கூரையில் பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இருந்தால் உடைக்காதீர்கள். அதன் நுண்ணிய இழைகள் நுரையீரலுக்கு ஆபத்து. தண்ணீர் தெளித்து, முழு ஷீட்டாக இறக்கி, தார்பாயால் மூடி வையுங்கள். எங்கே ஒப்படைப்பது என்று கேட்டபிறகே வண்டியில் ஏற்றுங்கள்.